இரு புனித நகரங்களின் ஊழியர்

என் அக்காவின் கணவர் ஹுலூசி எஃபெந்தி எங்கள் தெருப் பள்ளிவாசலில் கத்தீபாக இருந்தார். வெள்ளிக்கிழமை மிம்பர் என்கிற படிமேடையில் ஏறி குத்பா பிரசங்கம் ஓதுவது அவர் வேலை. ஓதிக்கொண்டே வரும்போது எங்கள் அரசர் பாதிஷாவின் பெயர் வருகிற இடத்தில் ஒரு படி கீழே இறங்குவார். பட்டங்களையும் பெயரையும் சொல்லி முடித்தபின் மறுபடி மேலே ஏறிக்கொள்வார். அல்லாஹ்வையும் நபியையும் சொன்ன அதே உயரத்தில் நின்று ஒரு மனிதனின் பெயரைச் சொல்லக் கூடாது, அவன் எவ்வளவு பெரிய ராஜாவாக இருந்தாலும் சரி என்பது தலைநகரின் எதிர்க்கரையிலுள்ள எங்கள் உஸ்குதார் கத்தீப்களின் வழக்கம். அத்தான் அந்த ஒரு படியை இறங்குகிற அழகைப் பார்க்கவென்றே சிலர் முன்வரிசையில் வந்து உட்காருவார்கள். நான் பின்வரிசை ஆள். கடையைத் திறந்து போட்டுவிட்டு வருகிறவனுக்கு முன்வரிசை எதற்கு.

கடை பள்ளிவாசலுக்கு எதிரேதான். காபிக்கடை என்று பெயர். உலகப் போர் தொடங்கிய பிறகு காபிக்கொட்டையை யார் கண்டார்கள்? கொண்டைக்கடலையை வறுத்து இடித்துக் கொதிக்கவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். குடித்தவர்கள் என்னைத் திட்டுவார்கள், மறுநாள் அவர்களே வந்து நிற்பார்கள். அங்கே உட்கார்ந்துதான் அத்தான் அந்தப் பட்டத்தின் கதையைச் சொல்வார். யாராவது வெளியூர்க்காரன் வாயைக் கிளறினால் போதும்.

பாதிஷாவின் பட்டங்கள் நீளமானவை. இரண்டு நிலங்களின் சுல்தான், இரண்டு கடல்களின் ககான், அதாவது பேரரசர், என்று மார்தட்டிக்கொண்டு ஆரம்பிக்கும். எல்லாம் என்னுடையது, அதுவும் என்னுடையது, இதுவும் என்னுடையது. அதெல்லாம் முடிந்து கடைசியில் ஒன்று வரும்: இரு புனித நகரங்களின் ஊழியர். மக்காவும் மதீனாவும்தான் அந்த இரண்டு. அவ்வளவு பெரிய ஆள் அந்த இரண்டு ஊருக்கு மட்டும் வேலைக்காரன்.

"நானூறு வருஷத்துக்கு முந்தி, சுல்தான் சலீம் சண்டையில ஜெயிச்சு அலெப்போவுக்குள்ள வர்றார்" என்று அத்தான் தொடங்குவார். "வெள்ளிக்கிழமை. பெரிய பள்ளிவாசல்ல போய் உக்கார்றார். அந்த ஊர் கத்தீப் பாவம், போன வாரம் வரைக்கும் வேற ராஜா பேரைச் சொன்னவன். புது ராஜாவை எப்படிப் புகழ்றதுன்னு தெரியாம, ரெண்டு புனித நகரத்தையும் ஆளுறவர்னு சொல்லிட்டான். சுல்தான் எந்திரிச்சார். எல்லாருக்கும் கதிகலங்கிப் போச்சு. அவர் என்ன பண்ணார் தெரியுமா? உக்காந்திருந்த கம்பளத்தை ஒதுக்கிட்டு, வெறும் கல்லுல நெத்தியை வெச்சு அழுதார். ஆளுறதுக்கு நான் யாரு, நான் அங்க வேலைக்காரன், அப்படிச் சொல்லுன்னார். அதுக்கப்புறம் தலைப்பாகைல வெச்சுக்கிற இறகைக்கூட துடைப்பம் மாதிரி கட்டச் சொன்னாராம்."

இதில் எவ்வளவு நிஜம் என்று எனக்குத் தெரியாது. கடைக்கு வரும் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், அந்தப் பட்டம் அதற்கு முன்பே எகிப்து சுல்தான்களிடம் இருந்தது, ஜெயித்தவர் கஜானாவோடு சேர்த்து அதையும் எடுத்துக்கொண்டார் என்றார். அத்தான் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஆனால் அந்தக் கதையை அப்படியே நம்பி வளர்ந்தவன் ஒருவன் உண்டு, அக்காவின் ஒரே மகன் வெஹ்பி. சின்ன வயதில் தலையில் துண்டைச் சுற்றி அதில் துடைப்பக் குச்சிகளைச் செருகிக்கொண்டு தெருவில் நடப்பான். யாரடா நீ என்று கேட்டால், ஊழியன் என்பான்.

போர் வந்தது. அவன் வயதுப் பையன்களை நாலா பக்கமும் அள்ளிக்கொண்டு போனார்கள். வெஹ்பிக்கு மதீனா விழுந்தது. பாலைவனம், தண்ணீர் கிடையாது, ரயில் பாதையை வெடிவைத்துத் தகர்க்கிறார்கள் என்று ஊரே பரிதாபப்பட்டது. அவனுக்கோ பெருமை பிடிபடவில்லை.

"மாமா, பாதிஷா பேருக்குத்தான் ஊழியர். நிஜமா கூட்டித் துடைக்கப் போறது நான்" என்றான்.

"போடா, உன் வீட்டு வாசலை ஒரு நாள் கூட்டியிருக்கியா நீ" என்றேன்.

சிரித்துக்கொண்டே போனான். அங்கிருந்து ஒரே ஒரு அட்டை வந்தது. காவல் முறை வந்த நாளில் நபியின் பள்ளிவாசல் முற்றத்தைக் கூட்டினேன் என்று எழுதியிருந்தான். என் அக்கா நஸீபே அந்த அட்டையைக் காட்டாத வீடு எங்கள் மேட்டில் இல்லை. வெள்ளிக்கிழமை மாடியில் பெண்கள் பகுதியில் மரப் பின்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். குத்பா அரபியில் நடக்கும். அவளுக்கு அரபி தெரியாது, ஆனால் அந்தப் பட்டம் மட்டும் தெரியும். அத்தான் ஒரு படி இறங்கி அதைச் சொல்லும்போது, பாதிஷாவைச் சொல்கிறார் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். இவளுக்கு அது வெஹ்பியின் பெயர்.

அவன் கிளம்பிப் போன வருஷமே அரபிகள் கலகம் செய்து மக்கா கைவிட்டுப் போனது. பத்திரிகையில் அதைப் பெரிதாகப் போடவில்லை. அத்தான் வழக்கம்போல 'இரு' என்றே ஓதினார். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"அத்தான், ஒண்ணு போச்சே. பட்டத்துலயும் ஒண்ணைக் குறைச்சுக்கலாமா?"

"தாஹிர், இது உன் கடைச் சரக்கு இல்ல, தீரத் தீரக் குறைச்சு எழுத" என்றார். அன்று நான் கொடுத்த கடலைத் தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து போனார்.

போரில் தோற்றோம். எதிரிக் கப்பல்கள் வந்து அரண்மனைக்கு எதிரே நின்றன. எங்கள் மேட்டிலிருந்து பார்த்தால் கடலே தெரியாத அளவுக்கு இரும்பு. மதீனாவில் இருந்த படை மட்டும் ஆயுதத்தைக் கீழே வைக்க மாட்டேன் என்று கொஞ்ச காலம் முரண்டு பிடித்தது. பிறகு அதுவும் முடிந்தது. பனி கொட்டிய ஒரு காலை, பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் கணப்புச் சட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, மதீனாவையும் கொடுத்துட்டாங்களாம். நம்ம ஆளுங்களை எகிப்துக்குக் கொண்டுபோறாங்களாம்."

"யார் சொன்னா?"

"பேப்பர்ல போட்டிருக்கு."

"அந்தப் பேப்பரை இங்கிலீஷ்காரன் உக்காந்து பாத்து, பிடிக்காததை வெட்டி அனுப்புறான். பாதி வெள்ளையா வருது. அதை நம்புற நீ ஒரு ஆளு." அவள் கையிலிருந்த துணியைத் தைப்பதைக்கூட நிறுத்தவில்லை. "போன வெள்ளிக்கிழமை உங்க அத்தான் என்ன ஓதினார்? கேட்டியா, பின்னாடி உக்காந்து தூங்கிட்டியா?"

"கேட்டேன்."

"இரு நகரங்களின் ஊழியர்னு ஓதினாரா இல்லையா?"

"ஓதினார்."

"அப்புறம் என்ன? கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல இந்த மனுஷன் வாயில ஒரு பொய் வந்து நான் கேட்டதில்ல. அதுவும் மிம்பர்ல நின்னு சொல்வாரா? மதீனா போயிருந்தா அந்த வார்த்தை அவர் வாயில வருமா? என்னங்க, நீங்களே சொல்லுங்க இவனுக்கு."

அத்தான் கணப்புச் சட்டியின் சாம்பலைக் கிளறிக்கொண்டே இருந்தார். கிளறுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். ஏன் இன்னும் அதை ஓதுகிறீர்கள் என்று கேட்டேன். நிறுத்து என்று மேலிருந்து யாரும் சொல்லவில்லை என்றார். பாதிஷாவின் பட்டத்தை மிம்பரில் குறைப்பது கலகக்காரன் செய்கிற வேலை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஊழியன்னா சாவி கையில இருக்கணும்னு இல்ல, தாஹிர். எஜமான் வீட்டை எவனோ பறிச்சுக்கிட்டாலும், வாசல்ல நிக்கிற வேலைக்காரன் வேலைக்காரன்தான். ஆளுறவர்னு பட்டம் இருந்தா இன்னிக்கு அது பொய். ஊழியர்ங்கிறது பொய் ஆகாது" என்றார்.

நல்ல பேச்சுதான். "இதை அக்காகிட்ட சொல்லுங்களேன்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு நடந்தார். சொல்லவில்லை.

வெயில் காலத்தில் எகிப்து முகாம்களிலிருந்து கைதிகளை ஏற்றிய கப்பல்கள் வர ஆரம்பித்தன. பள்ளத்துத் தெரு நியாஸி அப்படி வந்தவன். படையில் கார்ப்பரலாக இருந்தவன், வெஹ்பியோடு ஒரே கம்பெனி. முகாமில் வந்த கண்நோயில் பார்வை போய்க்கொண்டிருந்தது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. தன் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு என் கடைக்கு வந்தான். கத்தீப் ஐயாவைப் பார்க்க வேண்டும், வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் இல்லை என்றான். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. எதிரே போய் அத்தானைக் கூட்டிவந்தேன்.

நியாஸி சுற்றி வளைக்கவில்லை. "ஐயா, வெஹ்பி இல்ல. ஊரைக் கொடுக்கிறதுக்கு முந்தின இலையுதிர் காலத்துல காய்ச்சல் வந்துச்சு. வெட்டுக்கிளியைச் சுட்டுத் தின்னுட்டுக் கிடந்த உடம்பு, தாங்கல. மதீனாவுலதான் அடக்கம்."

அத்தான் பெஞ்சில் கையை ஊன்றிக்கொண்டார். கடையில் இருந்தவர்களை நான் கண்ணாலேயே வெளியே அனுப்பினேன். என் அக்கா பிள்ளை, என் தோளில் ஏறி விளையாடிய பிள்ளை. நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதேன். அத்தான் அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப ஊர் நம்ம கையிலதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு ஐயா. நம்ம கொடிதான் பறந்துச்சு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனுக்கு நன்றி சொன்னார் அத்தான். என்னிடம் திரும்பி, "நஸீபேகிட்ட நீ வாயைத் திறக்காத. நான் சொல்றேன்" என்றார்.

சொல்வார் என்று காத்திருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை ஒரு படி இறங்கினார், பட்டத்தைச் சொன்னார், ஏறிக்கொண்டார். அடுத்த வெள்ளியும் அப்படியே. அக்கா பள்ளிவாசலிலிருந்து முகம் மலர்ந்து வெளியே வருவாள். கைதிகள் வருகிறார்களே, வெஹ்பி ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டால், கைதி ஆனவன்தான் வருவான், என் மகன் இன்னும் மதீனாவில் வேலையில் இருக்கிறான் என்பாள். கேட்டவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். தெருவில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கத்தீப் எஃபெந்தியே சொல்லாததை நாம் எப்படிச் சொல்வது என்று ஒவ்வொருவரும் ஒதுங்கினார்கள். அவள் எதிரே வந்தாலே நான் சந்து திரும்பி ஓடுவேன்.

இலையுதிர் காலத்தில் சீமைமாதுளம்பழம் வந்த சமயம் அக்காவே கடைக்கு வந்தாள். கருப்பு அங்கிக்குள் ஒரு கூடை பழம்.

"டேய் தாஹிர், எங்கடா ஒளிஞ்சுக்கிற நீ? சனிக்கிழமை வீட்டுக்கு வா. நல்ல சட்டை போட்டுக்கிட்டு வா, இந்தக் கரி பிடிச்சதை இல்ல."

"என்ன விசேஷம்?"

"மிட்டாய்க்காரர் பொண்ணு இருக்காளே மெலிஹா, அவளைப் போய்ப் பாத்தேன். காபி கொண்டுவந்து கொடுத்தா. உன் கடைத் தண்ணி மாதிரி இல்ல, கடலையா இருந்தாலும் பதமா இருந்துச்சு. கண்ணு நல்லா இருக்கு, குரல் மெதுவா இருக்கு. சனிக்கிழமை மோதிரம் போட்டு வார்த்தையை முடிச்சிடலாம்னு இருக்கேன். அவன் வந்து எறங்கும்போது எல்லாம் தயாரா இருக்கணும். கறுத்துப் போயிருப்பான்டா, வெயில்ல. அதான் பொண்ணு கொஞ்சம் நிறமா பாத்தேன்."

எனக்கு என்ன சொல்லி அவளை அனுப்பினேன் என்று நினைவில்லை. அவள் போனதும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்குள் போனேன். அத்தான் தூணோரம் உட்கார்ந்திருந்தார். அது வியாழக்கிழமை.

"உங்க வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு? அவ ஒரு கன்னிப் பொண்ணைச் செத்தவனுக்குக் கட்டிவைக்கப் போறா. இன்னிக்கு நீங்க சொல்லலைன்னா நான் போய்ச் சொல்றேன்" என்றேன்.

"என்னால முடியலடா." அவர் என்னை 'டா' போட்டு அழைத்தது அதுதான் முதல் தடவை. "தினமும் காலையில எந்திரிச்சுச் சொல்லிடணும்னு நினைக்கிறேன். அவ என் முகத்தைப் பாக்குறா. நான் சொல்றது எல்லாம் உண்மைன்னு நம்புற முகம் அது. இத்தனை வாரமா மிம்பர்ல நின்னு அவளுக்கு என் பிள்ளை உயிரோட இருக்கான்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். அதை எப்படி வீட்ல உக்காந்து மாத்திச் சொல்வேன்?"

"அதனால?"

"நாளைக்கு அதை ஓத மாட்டேன். ரெண்டு நிலம், ரெண்டு கடல், பேரு. அதோட விட்டுடுவேன். அவ கேட்டுக்கிட்டு இருப்பா. அவளுக்கே புரிஞ்சிடும்."

"மிம்பர்ல ஏறி ஊருக்கே பேசுற மனுஷனுக்குப் பொண்டாட்டிகிட்ட பேச நாக்கு இல்லையா?"

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அறையலாம் போலவும் இருந்தது. பட்டத்தைக் குறைத்தால் யாராவது போய்க் கோள் சொல்வார்கள், வேலை போகும், அந்தக் காலத்தில் அதற்கு மேலும் நடக்கலாம். அதற்கெல்லாம் துணிந்துவிட்டார். என் அக்காவின் எதிரே உட்கார்ந்து நாலு வார்த்தை சொல்லத்தான் துணிவில்லை.

வெள்ளிக்கிழமை நான் முதன்முறையாக முன்வரிசையில் உட்கார்ந்தேன். அத்தான் மிம்பரில் ஏறினார். குரலில் ஒரு பிசிறு இல்லை. இறைவனைப் புகழ்ந்தார், நபியின் மேல் ஸலவாத் வாழ்த்துச் சொன்னார், நான்கு கலீஃபாக்களைச் சொன்னார். பிறகு ஒரு படி இறங்கினார். இரண்டு நிலங்களின் சுல்தான் என்றார். இரண்டு கடல்களின் ககான் என்றார். அடுத்து வரவேண்டியதை விட்டுவிட்டு பாதிஷாவின் பெயருக்குப் போவதற்காக மூச்சை இழுத்தார்.

அந்த மூச்சு கொஞ்சம் நீண்டுவிட்டது. தொழுகைக்கு அழைப்புச் சொல்லும் எங்கள் மோதினார் ஷாகிர் நல்ல மனிதர், வெண்கலத் தொண்டை. ஓதுகிறவர் இடையில் தடுமாறினால் தன் மேடையிலிருந்து அடி எடுத்துக் கொடுப்பது மோதினாரின் கடமை. கத்தீப் எஃபெந்திக்கு முதுமை வந்துவிட்டது, மறந்துவிட்டார் என்று நினைத்து, அவர் அந்தப் பட்டத்தை எடுத்துக் கொடுத்தார். இரு புனித நகரங்களின் ஊழியர். பள்ளிவாசல் முழுக்கக் கேட்டது. மரப் பின்னலுக்குப் பின்னாலும் கேட்டிருக்கும்.

அத்தான் அப்படியே நின்றார். ஷாகிர் இன்னொரு முறை, இன்னும் கொஞ்சம் சத்தமாக எடுத்துக் கொடுத்தார். குத்பா நேரத்தில் யாரும் பேசக் கூடாது, ஆனாலும் வரிசைகளில் ஒரு சலசலப்பு ஓடியது. கிழவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அத்தானின் கண் மேலே பின்னல் பக்கம் போனது. அங்கே எந்த நிழல் என் அக்கா என்று எங்கள் யாருக்கும் தெரியாது, அவருக்குத் தெரிந்திருக்கும்.

அவர் சொன்னார். இரு புனித நகரங்களின் ஊழியர் என்று முழுசாகச் சொன்னார். அதன் பின்னால் பாதிஷாவின் பெயர் வரவில்லை. "ஹுலூசியின் மகன் வெஹ்பி" என்றார். அதோடு, இறந்தவர்களுக்கு மட்டும் நாம் சொல்கிற அந்த வார்த்தையைச் சொன்னார். அல்லாஹ்வின் அருள் அவன்மேல் இருக்கட்டும். அரபி தெரியாதவனுக்கும் அது தெரியும். ஜனாஸாவில், இறந்தவருக்கான தொழுகையில், நிற்காதவன் எங்கள் ஊரில் யார் இருக்கிறான்.

ஒருவர் ஆமீன் என்றார். பிறகு இன்னொருவர். பிறகு எல்லோரும். மேலேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அத்தான் அந்தக் கீழ்ப்படியிலேயே நின்று மீதியை ஓதி முடித்தார், மறுபடி மேலே ஏறவில்லை. இறங்கி வந்து தொழுகை நடத்தினார். அந்த வெள்ளிக்காக யார் வந்து விசாரித்தார்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்பது வேறு கதை. அதற்குப் பிறகு அவர் மிம்பர் ஏறவில்லை என்பதோடு விடுகிறேன்.

தொழுகை முடிந்து நான் அவரோடு வீட்டுக்குப் போனேன். தனியாக அனுப்ப மனம் வரவில்லை. அக்கா எங்களுக்கு முன்பே வந்திருந்தாள். வெளியே போகும் அங்கியைக்கூடக் கழற்றாமல் அறை நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அடுப்படியில் பழங்கள் பாதி நறுக்கியபடி கிடந்தன. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டியது. அவள் அழவில்லை.

"எப்போ தெரியும்?" என்று கேட்டாள்.

"நியாஸி வந்து சொன்னான்" என்றார் அத்தான். "வெயில் காலத்துல."

"தாஹிர், உனக்கும் தெரியுமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அதற்குமேல் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அத்தான் பக்கம் திரும்பினாள்.

"எங்க அடக்கம் பண்ணாங்க?"

"மதீனாவுல. ஊர் நம்ம கையில இருக்கும்போதுதான், நஸீபே. நம்ம கொடி பறந்துக்கிட்டு இருந்துச்சு. நான் கேட்டேன்."

"அவனைக் குளிப்பாட்டினது யாரு?"

அத்தான் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அங்க தண்ணி இல்லன்னு சொல்வாங்களே. என் பிள்ளையைக் குளிப்பாட்டி அனுப்பினாங்களா, அப்படியே போட்டாங்களா? யாரு குளிப்பாட்டினா? கேட்டீங்களா?"

"கேக்கல" என்றார் அத்தான்.

"கொடி பறந்துச்சான்னு கேட்டீங்க."

"ஆமா."

"இதைக் கேக்கல."

அவள் முகத்திரையை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். பள்ளத்துத் தெருவுக்குப் போகும் படிக்கட்டு காலையில் பெய்த மழையில் வழுக்கியது, நான் கையைப் பிடிக்கப் போனேன், உதறிவிட்டாள். அத்தான் எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

நியாஸி சன்னலோரம் பாயில் உட்கார்ந்திருந்தான். அவன் தங்கை கதவைத் திறந்தாள். யார் வந்திருப்பது என்று நான் சொன்னதும் எழுந்திருக்கப் பார்த்தான், அக்கா அவன் தோளை அழுத்தி உட்காரவைத்து எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"மகனே, வெஹ்பியைக் குளிப்பாட்டினது யாரு?"

நியாஸி அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். "நான்தான் அம்மா" என்றான். "குளிப்பாட்டுறவர் அதுக்கு முந்தின வாரமே காய்ச்சல்ல போயிட்டார். எனக்கு முறையெல்லாம் சரியாத் தெரியாது. எங்க கம்பெனிக்குக் குடிக்கக் கொடுத்த தண்ணியில ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக் கொடுத்தாங்க. தலைமுடியில மணல் நிறைய இருந்துச்சு. அதைப் போக்கத்தான் நேரம் ஆச்சு. காதுக்குள்ளயும் இருந்துச்சு. எல்லாத்தையும் எடுத்துட்டேன் அம்மா. சுத்தமா அனுப்பிவெச்சோம்."

"தண்ணி சூடா இருந்துச்சா?"

"வெயில்ல வெச்சிருந்தோம். வெதுவெதுன்னு இருந்துச்சு."

அப்போதுதான் அவள் அழுதாள். எங்கள் ஊரில் சிறியவர்கள்தான் பெரியவர்களின் கையை முத்தமிட்டு நெற்றியில் வைத்துக்கொள்வார்கள். என் அக்கா அந்தக் குருட்டுப் பையனின் இரண்டு கைகளையும் எடுத்து, ஒவ்வொன்றாக முத்தமிட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். அவன் பதறிப்போய் இழுக்கப் பார்த்தான், அவள் விடவில்லை.

"இந்தக் கைக்கு ஒரு குறையும் வரக் கூடாதுப்பா" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அத்தான் வாசல்படியில் நின்றிருந்தார். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. உள்ளே வாருங்கள் என்று அவரை யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.